ஆட்டோமேட்டிக் கியர் எப்போது மாறும் என்பது எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் புரிந்தது

ஆறு கியர் கொண்ட வண்டி நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு ஆறாவது கியரைத் தொடுவதற்கு ஐந்து முறை மாறினால் போதும். நான் எண்ணியபோது எட்டு முறை மாறியது. வாங்கி 3 வாரமே ஆன புதிய ஆட்டோமேட்டிக் கார் அது. அதற்கு முன் 14 ஆண்டுகள் கிளட்ச் மிதித்து, கையால் கியர் போட்டே ஓட்டிப் பழகியவன் நான். எஞ்சின் ஓசையை வைத்தே எந்தக் கியரில் போகிறோம் என்று சொல்லிவிட முடியும் என்ற மிதப்பும் எனக்கு உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேர்ச்சாலையில், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் கீழே விழும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஓட்டினேன். சில இறக்கங்கள் பெரியவை. சில, இருநூறு முந்நூறு ஆர்பிஎம் மட்டும் சரிகிற சின்ன இறக்கங்கள். கியர் சரியாகப் பற்றாமல் நழுவுகிறது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு தவறு என்று தெரிவதற்குள் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை நடந்து, வண்டியை மொத்தம் 11 நாள் அங்கே விட்டுவைத்து, தேவையே இல்லாத வேலைக்கு வெளியில் ஒரு மாத வீட்டு வாடகை அளவுக்குப் பணத்தைக் கொடுத்து, மலைப்பாதையில் ஒருமுறை பிரேக்கையும் இழக்கப் பார்த்தேன். சொல்லித்தர அருகில் யாரும் இல்லாததால் ஒவ்வொன்றையும் பட்டே தெரிந்துகொண்டேன். புதிதாக ஆட்டோமேட்டிக் வாங்கியவர்கள் இதையெல்லாம் படாமலே தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக விரிவாக எழுதுகிறேன்.

முதல் சந்தேகம் காலை நேரத்தில் வந்தது. இரவு முழுக்க நின்ற வண்டியை எடுத்துப் புறப்பட்டால், இரண்டாவது கியரிலேயே நெடுநேரம் கிடந்து எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும். மூன்றாவதுக்குப் போக மனம் வராததுபோல் இழுக்கும். மாலையில் அதே சாலையில் அதே வேகத்தில் போனால் இந்தத் தொல்லை இருக்காது. குளிர்ந்த எஞ்சினில் இப்படி நடப்பது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு என்பது அப்போது எனக்குத் தெரியாது. புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டிய பிறகே நச்சுப்புகையைச் சரியாகச் சுத்திகரிக்கத் தொடங்கும். அது சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காக, கியர் மேலே ஏறுவதை வண்டியின் கணினி சற்றுத் தள்ளிப்போடுகிறது. கியர்பாக்ஸ் ஆயிலும் குளிரில் கெட்டியாக இருப்பதால் முதல் சில கிலோமீட்டர்களுக்கு மாற்றங்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இருக்கும். இதற்கு ஓட்டுபவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு: நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டுச் சூடாக்காமல், புறப்பட்டு ஐந்து பத்து நிமிடம் மென்மையாக ஓட்டினாலே போதும். நானோ மூன்றாவது கியரை வரவழைத்தே தீருவது என்று ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் குலுக்கலைக் குறைக்க ஒரு வழி உண்டு என்றும், கியர் மாறப்போகும் நேரத்தில் காலை லேசாக எடுத்துவிட்டு மீண்டும் மிதிக்க வேண்டும் என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். அந்த அறிவுரை பொய்யன்று. ஆனால் அது ஏ.எம்.டி. வகை வண்டிக்கு உரியது. ஏ.எம்.டி. என்பது உள்ளுக்குள் பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான். நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி கிளட்சைப் பிரித்துக் கியரை மாற்றிப் போடுகிறது. அந்த இடைவெளியில் சக்கரத்துக்கு இழுவை அறுந்துவிடுவதால் தலை ஒருமுறை முன்னால் சாய்ந்து பின்னால் போகும். அந்த நேரத்தில் காலைத் தளர்த்தினால் குலுக்கல் குறைவது உண்மை. என் வண்டியில் இருந்தது டார்க் கன்வெர்ட்டர் வகை. அதில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில்தான் சுழன்று விசையைக் கடத்துகிறது. கியர் மாறும்போது ஒரு கிளட்ச் விடுவதும் அடுத்தது பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடப்பதால் இழுவை அறுவதில்லை. அதில் காலைத் தளர்த்துவதற்கு வேறொரு பொருள் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். இவை தவிர, ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்றுமாக அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் டூயல் கிளட்ச் வகை ஒன்று. படிகளே இல்லாமல் இரண்டு கப்பிகளுக்கு நடுவே பெல்ட் ஓடும் சி.வி.டி. வகை மற்றொன்று. நான்குக்கும் வெளியில் தெரியும் நெம்புகோல் ஒன்றுபோலவே இருக்கும், விளம்பரத்தாளில் எல்லாவற்றுக்கும் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே சொல்தான் போட்டிருப்பார்கள். என் வண்டி எந்த வகை என்று வாங்கும்போது நான் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. புதிதாக வாங்குபவர்கள் வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதைக் கேட்க மறக்க வேண்டாம். ஒரு வகைக்கான அறிவுரை இன்னொரு வகைக்குக் கெடுதலாகக்கூட முடியும்.

சர்வீஸ் சென்டரில் முதல் இரண்டு முறையும் நடந்தது ஒன்றேதான். ‘கியர் சரியில்லை, குலுக்குகிறது’ என்று நான் சொல்வேன்; அவர்கள் எழுதிக்கொண்டு, கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு, ‘பிழைக்குறியீடு எதுவும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது’ என்று சொல்லித் திருப்பித் தருவார்கள். நான்கு நாள் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதும் அதே குலுக்கல் திரும்பிவிடும். என்னை ஏமாற்றுகிறார்கள் என்ற ஆத்திரத்தில் இரவெல்லாம் தூக்கம் இல்லை. வாங்கிய கடனுக்குத் தவணை ஓடிக்கொண்டிருக்க, வண்டி அவர்களிடம் நிற்க, நான் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தேன். அந்த ஆத்திரத்தில்தான் வெளியே ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற வேண்டும், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கணினியும் புதிதாகிவிடும் என்றார். இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்று மாதம்கூட ஆகாத வண்டிக்கு ஆயில் மாற்றுவதில் என்ன நியாயம் என்று அப்போது யோசிக்கவே இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் என்பது ஏதோ ஓர் ஆயில் அன்று; உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கலாம், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதே அதைப் பொறுத்ததாக இருப்பதால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது. நல்லவேளையாக அவர் சரியான தரத்து ஆயிலைத்தான் ஊற்றியிருந்தார் என்பதை ரசீதைப் பார்த்துப் பின்னால் உறுதிசெய்துகொண்டேன். பேட்டரியைக் கழற்றியதுதான் வினையாயிற்று. ஒவ்வொரு கிளட்சும் பிடிப்பதற்கு எவ்வளவு ஆயில் அழுத்தம், எவ்வளவு நேரம் தேவை என்பதை கியர்பாக்ஸ் கணினி ஓட ஓடக் கற்றுத் திருத்திக்கொள்கிறது. என் வண்டியில் அந்தப் பாடம் முழுக்க அழிந்துபோய், மறுநாள் முதல் இரண்டு வாரத்துக்கு முன்பைவிட மோசமாக இடித்தது. எல்லா வண்டியிலும் பேட்டரியைக் கழற்றினால் இப்படி அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் காரணம் தெரியாமல் அதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

இந்த இரண்டு வாரத்துக்குள்தான் லாரியை முந்தப்போய் நடுவில் மாட்டிக்கொண்டேன். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நீண்ட சரக்கு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தவன், எதிரே சாலை காலியானதும் வெளியே எடுத்து அரை அழுத்தம் கொடுத்தேன். வண்டி ஐந்தாவது கியரிலேயே சோம்பலாக நகர்ந்தது. பதறி அடிவரை மிதித்தேன். ஒரு வினாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரே தாவலாக மூன்றாவதுக்கு இறங்கி, முள் சட்டென்று மேலே பாய்ந்து, எஞ்சின் அலறியது. அந்த அலறலில் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். எடுத்த மறுகணமே வண்டி மறுபடி ஐந்தாவதுக்கு ஏறிக்கொண்டது. லாரியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில், இழுவையே இல்லாமல், எதிரே தொலைவில் ஒரு விளக்கு தெரிய நான் தொங்கிக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து எனக்கு இடம் கொடுத்தார், அதனால் பிழைத்தேன். அடிவரை மிதித்தால் வண்டி இரண்டு மூன்று கியர் சட்டென்று இறங்குவதற்கு ‘கிக்டவுன்’ என்று பெயர், அது அந்த வண்டியில் உள்ள வசதிகளில் ஒன்று, அதற்கு முக்கால் அல்லது ஒரு வினாடி தயக்கம் உண்டு, இறங்கிய பிறகு காலை எடுக்காமல் வைத்திருப்பதுதான் முறை என்பது தெரிந்திருந்தால் அன்று நான் அங்கே தொங்கியிருக்க மாட்டேன்.

அதைவிட வெட்கப்பட வேண்டியது மலைப்பாதையில் நடந்தது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் வண்டி தானாகவே கியரைக் குறைத்து உறுமும். கோளாறு என்று நான் எழுதி வைத்திருந்தவற்றில் அதுவும் ஒன்று. வேகம் குறைய வேண்டிய இடத்தில் எஞ்சின் ஏன் சுழல வேண்டும் என்று எரிச்சலாகி, பெட்ரோலாவது மிச்சமாகட்டும் என்று நெம்புகோலை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டேன். உறுமல் நின்றது. நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் ரப்பர் கருகுவதுபோல ஒரு நாற்றம்; அதற்கடுத்த வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே போயிற்று. ஓரமாக ஒதுங்கி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறங்கிப் பார்த்தபோது முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. அரை மணி நேரம் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன், கை நடுக்கம் நிற்கவில்லை. வண்டி சரிவில் இறங்குகிறது என்பதைக் கணினி தெரிந்துகொண்டு, பிரேக் சூடேறாமல் இருக்க எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பிடியை நானே கழற்றிவிட்டேன். பெட்ரோல் மிச்சம் என்பதும் பொய்க்கணக்கு. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு இறங்கும்போது, இக்கால எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன; நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகிறது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் ‘எம்’ (M) நிலைக்கு மாற்றி, மூன்றாவதோ இரண்டாவதோ கியரில் பிடித்துக்கொள்வதும், ‘எம்’ இல்லாத வண்டியில் கியரைத் தாழ்வாக வைத்திருக்கும் எல் (L) அல்லது எஸ் (S) நிலையைப் பயன்படுத்துவதும், பிரேக்கை விடாமல் தேய்க்காமல் விட்டுவிட்டுத் தொடுவதும் இப்போது என் வழக்கம்.

மூன்றாவது முறை சர்வீஸ் சென்டருக்குப் போனபோது, இதுவரை என்னிடம் பேசாத ஒரு மூத்த டெக்னீஷியன் வந்தார். வண்டியை உள்ளே எடுத்துப்போகாமல், ‘நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்கிறேன்’ என்றார். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் கருவியைச் செருகி, மடியில் வைத்திருந்த திரையில் நான்கு விஷயங்களை மட்டும் திறந்து வைத்தார்: ஆக்சிலரேட்டர் எத்தனை சதவீதம், வேகம் எவ்வளவு, எந்தக் கியர், டார்க் கன்வெர்ட்டர் பூட்டப்பட்டிருக்கிறதா இல்லையா. ‘காலைப் 15 சதவீதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். நான் காலை அசைக்கவே இல்லை என்றுதான் நினைத்தேன். திரையில் 12, 19, 9, 23 என்று எண் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த எண்ணோடு சேர்ந்து கியரும் மூன்று, நான்கு, மூன்று என்று ஆடியதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியால் மட்டும் அழுத்தச் சொன்னார். எண் 14-லும் 16-லும் நின்றது. ஏறத்தாழ 15 கி.மீ. வேகத்தில் இரண்டு, 27-ல் மூன்று, 42-ல் நான்கு என்று வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் ஏறிக்கொண்டே போயிற்று. நான்கு மாதத்தில் முதன்முறையாக.

பிறகு ஓரமாக நிறுத்தச் சொல்லி, வேலை அட்டையின் பின்புறத்தில் ஒரு படம் வரைந்தார். கிடைக்கோட்டில் வேகம், நெட்டுக்கோட்டில் ஆக்சிலரேட்டர் அழுத்தம். நடுவே சாய்வாகச் சில கோடுகள். நாம் இருக்கும் புள்ளி ஒரு கோட்டை வலப்பக்கமாகக் கடந்தால் கியர் ஏறும். அப்படிக் கடப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு: வேகம் கூடி வலப்பக்கம் போகலாம், அல்லது அதே வேகத்தில் காலைத் தளர்த்திக் கீழே இறங்கியும் கோட்டைத் தாண்டலாம். அதாவது காலை எடுப்பது என்பது ‘அடுத்த கியருக்குப் போ’ என்று சொல்வதாகும். உடனே மிதிப்பது ‘திரும்பி வா’ என்பதாகும். ஏ.எம்.டி. அறிவுரையைக் கேட்டு நிமிடத்துக்குப் பலமுறை இந்த இரண்டு கட்டளைகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அது கீழ்ப்படிந்ததைத்தான் நான் கோளாறு என்று எழுதிக்கொண்டிருந்தேன். இறங்குவதற்கான கோடு ஏறுவதற்கான கோட்டிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி இருக்கும். 42-ல் ஏறிய கியர் 41-க்குக் குறைந்தவுடனே இறங்கிவிடாமல் முப்பதை ஒட்டி வரும்வரை பொறுக்கும். அந்தப் பொறுமையையும் மீறி ஆட்டிவைக்கும் அளவுக்கு என் கால் ஆடியிருக்கிறது. எக்கோ, ஸ்போர்ட் என்று பொத்தானை அழுத்தும்போது மாறுவதில் பெரும்பகுதி இந்தக் கோடுகளின் இடம்தான். ஸ்போர்ட்டில் அவை வலப்பக்கம் நகர்வதால் கியர் தாமதமாக ஏறுகிறது. இந்த ஏற்பாடு கணினி வந்த பிறகு வந்ததுகூட இல்லை. 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸ், கால் அழுத்தத்தையும் வேகத்தையும் ஆயில் அழுத்தங்களாக மாற்றி, ஒன்றோடொன்று மோதவிட்டுத்தான் எப்போது மாறுவது என்று தீர்மானித்தது.

நான் எண்ணிய எட்டுக்கும் விடை அந்தத் திரையிலேயே இருந்தது. டார்க் கன்வெர்ட்டரில் ஆயில் வழியாக விசை போகும்போது கொஞ்சம் வழுக்கல் இருக்கத்தான் செய்யும். அதனால் வீணாகும் எரிபொருளை மிச்சப்படுத்த, வேகம் நிலைப்பட்டதும் உள்ளே ஒரு கிளட்ச் மூடி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. அப்போது முள் இருநூறு முந்நூறு சரியும். கொஞ்சம் அழுத்தினால் பூட்டுத் திறந்து முள் ஏறும். கியர் அதேதான், மேனுவல் காதுக்கு அது அரைக் கியர் மாறியதுபோல் கேட்கிறது. அன்று ஐந்து மாற்றத்தோடு மூன்று பூட்டலையும் சேர்த்து நான் எண்ணியிருக்கிறேன்.

இந்தக் கியர்பாக்ஸுக்கு என் காலும் சக்கர வேகமும் தெரியும், சரிவு ஓரளவு தெரியும். எதிரே வரும் லாரியோ, நூறு மீட்டருக்கு அப்பால் தொடங்கும் மேடோ தெரியாது. அதைப் பார்ப்பவன் நான் என்பதால், கேட்பதை முன்கூட்டியே கேட்கப் பழகிக்கொண்டேன். முந்துவதற்கு வெளியே எடுக்கும் முன்பே, லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே, எம் நிலையில் ஒரு கியர் இறக்கிக்கொள்கிறேன். தயக்க நேரம் அங்கேயே கழிந்துவிடுகிறது. மேட்டுக்கு முன்னால் காலை மெல்லக் கூட்டி, ஏறி முடியும்வரை அதே அழுத்தத்தில் வைக்கிறேன். நெரிசலில் முன்வண்டி நகர்ந்த ஒவ்வோர் அடிக்கும் மிதிக்காமல், பிரேக்கைத் தளர்த்தி வண்டி தானாக ஊர்வதைப் பயன்படுத்துகிறேன். ஊர்வது டார்க் கன்வெர்ட்டருக்குப் பெரிய சிரமம் இல்லை, ஏ.எம்.டி.யிலும் டூயல் கிளட்சிலும் அப்படி நெடுநேரம் ஊர்ந்தால் கிளட்ச் சூடேறித் தேயும் என்பதால், அவற்றில் கொஞ்சம் இடைவெளி விட்டு நின்று நின்று நகர்வதே மேல். மேட்டில் ஆக்சிலரேட்டரைக் கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்துவது எந்த வகைக்கும் ஆகாது, பிரேக் இருப்பது அதற்குத்தான்.

சரிவில் நிறுத்திவிட்டு வந்து எடுக்கும்போது ‘டங்’ என்று இடிப்பதையும் நான் புகாராகக் கொடுத்திருந்தேன். வண்டியை நிறுத்திவைக்கும் பி (P) நிலையில் ஒரு சின்னக் கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து பூட்டுகிறது. நேராகப் பி-யில் போட்டுக் காலை எடுத்தால் வண்டியின் மொத்தப் பாரமும் அந்தக் கொக்கியில் தொங்குகிறது. பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலைத் தளர்த்திப் பாரத்தை அதில் இறக்கிய பிறகு, மறுபடி பிரேக்கை மிதித்துப் பி-யில் போடத் தொடங்கியதிலிருந்து அந்த இடி இல்லை. பின்னோக்கி உருளும்போதே, முன்னே ஓட்டுவதற்கான டி (D) நிலைக்கு மாற்றும் பழக்கம் யாருக்காவது இருந்தால், முழுக்க நின்ற பிறகு மாற்றுங்கள்.

எல்லாமே ஓட்டுபவரின் தவறு என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டி-யில் போட்ட பிறகு இரண்டு மூன்று வினாடி பற்றாமல் இருந்து பிறகு மடாரென்று பற்றுவது, முள் ஏறிக்கொண்டே போக வேகம் ஏறாதிருப்பது, ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மாறவே மறுப்பது, வண்டிக்கடியில் ஆயில் சொட்டுவது, கருகிய வாடை, எச்சரிக்கை விளக்கு ஆகியவை உண்மையான கோளாற்றின் அடையாளங்கள். இவற்றுக்கு ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. அப்படிப் போகும்போது ‘குலுக்குகிறது’ என்று மட்டும் சொன்னால் எனக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும். எஞ்சின் சூடா குளிரா, எத்தனை கி.மீ. வேகம், முள் எங்கிருந்து எங்கே போயிற்று, கால் அழுத்தத்தில் இருந்ததா தளர்த்திய நிலையிலா, சாலை மேடா சமமா என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். எனக்கு வழி பிறந்தது மூன்றாவது முறை அவர் ஏறி உட்கார்ந்ததால்தான்.

வெளியில் ஆயில் மாற்றியதை அன்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. ரசீதை வாங்கி, ஆயிலின் தரம் சரியா என்று பார்த்து, அளவையும் சோதித்துவிட்டு, வண்டியின் கோப்பில் ‘வெளியே ஆயில் மாற்றப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினார். வாரண்டி முடியும்வரை அந்த வரி அங்கேதான் இருக்கும், நாளை கியர்பாக்ஸில் உண்மையாகவே ஏதாவது வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள் என்றார். அந்த ரசீதை இன்னும் வண்டிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.